வம்பலர்க்குரிய வெளி: சிலப்பதிகாரத்தில் புகாரின் மன்றங்களும் மதுரையின் மௌனமும்

ஆய்வுச் சுருக்கம்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் நாளங்காடியும் ஐவகை மன்றங்களும் பெரும்பாலும் நகர்ச்சிறப்பு வருணனையாகவோ தெய்விக அற்புதமாகவோ படிக்கப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவற்றைக் காப்பியக் கதையின் உறுப்பாகக் கொண்டு படிக்கிறது. புகாரின் பொதுவெளி முதன்மையாகப் புதியவர்க்கு உரியது என்பதும், மதுரையில் அத்தகைய வெளி செயற்படாமையே கோவலன் கொலையுண்ணும் முறையில் வெளிப்படுகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மன்றம், சதுக்கம், நாளங்காடி, புகார், மதுரை, வம்பலர், பொதியில்

முன்னுரை

பழந்தமிழில் பொதுவெளியைக் குறிக்கும் சொற்கள் பல. மன்றம், பொதியில், அம்பலம், சதுக்கம், சந்தி, அங்காடி என்பன அவற்றுட் சில. இவை ஒரு பொருட்சொற்கள் அல்ல. மன்றம் ஊரின் நடுவே மரத்தடியில் அமைந்த திறந்தவெளி. பொதியில் கந்து நட்ட பொதுவிடம். நரைமுதியோர் வல்லாடி அமர்ந்திருந்த இடமாகப் புறநானூறு அதனைக் காட்டுகிறது. சதுக்கம் நான்கு தெருக்கள் கூடுமிடம். சிற்றூர்க்குரிய மன்றமும் பெருநகர்க்குரிய சதுக்கமும் ஒரே தொகுதியாக இணைவதை நாம் முதன்முதலில் விரிவாகக் காண்பது சிலப்பதிகாரத்தில்தான். வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூதசதுக்கம், பாவை மன்றம் என ஐந்தினை வைத்து, அவ்வைந்தனுள் ஒன்றற்குச் சதுக்கம் என்றே பெயரிட்டுவிட்டு, ஐந்தினையும் மன்றம் என்னும் ஒரே பெயருக்குள் இளங்கோவடிகள் அடக்குகிறார்.

இவ்வைந்தும் குறித்து எழுதப்பட்டவற்றை இரு போக்குகளாகப் பிரிக்கலாம். ஒன்று, இவற்றைச் சோழர் ஆட்சிச் சிறப்பின் சான்றாகக் கொள்வது. மற்றொன்று, இவற்றை இயற்கை இறந்த கற்பனை என்று ஒதுக்குவது. முதற்போக்கு பாட்டினை ஆவணமாக்கிவிடுகிறது. இரண்டாவது அதனை அலங்காரமாக்கிவிடுகிறது. பூம்புகார்ப் பகுதி அகழாய்வுகளில் கீழையூர்ப் படகுத்துறையும் பல்லவனீச்சரத்துப் புத்த விகாரமும் வெளிப்பட்டன; மன்றங்கள் எவையும் வெளிப்படவில்லை. இன்று அவ்வூரில் பயணிகள் காணும் இலஞ்சி மன்றமும் பாவை மன்றமும் அண்மைக்காலக் கட்டுமானங்கள். பாட்டினைக் கல்லில் மொழிபெயர்த்தவை. எனவே இம்மன்றங்கள் இருந்தனவா என்னும் வினாவினும், காப்பியத்தில் இவை என்ன செய்கின்றன என்னும் வினாவே திறனாய்வாளருக்குப் பயனுடையது.

நாளங்காடி

மன்றங்களைக் கூறுமுன் காப்பியம் அங்காடியைக் கூறுகிறது. இவ்வரிசை கவனத்திற்குரியது. கடற்பக்கத்து மருவூர்ப்பாக்கமும் உள்நிலத்துப் பட்டினப்பாக்கமும் புகாரின் இருபாதிகள். மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகள் உள்ளன. கலந்தரு செல்வத்தால் புலம்பெயர்ந்து வந்தோர் ஒருங்கு கலந்து உறைகின்றனர். சுண்ணமும் சாந்தும் பூவும் விற்போர், பட்டிலும் பருத்தியிலும் நெய்யும் காருகர், பிட்டு வணிகர், அப்பம் சுடுவோர், கள் விற்கும் வலைச்சியர், மீன் விலைஞர், உப்பு விலைஞர், கன்னார், செம்புகொட்டிகள், தச்சர், கொல்லர், துன்னர், தோல்வினைஞர் என நகரின் உழைப்பு முழுவதும் அங்கே குடியிருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் அரசவீதி, பெருங்குடி வாணிகர் மாடமறுகு, மறையோர் இருக்கை, உழவர், மருத்துவர், காலக்கணிதர் ஆகியோர் வாழிடங்கள் உள்ளன.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலமே நாளங்காடி. அடர்ந்த சோலையின் மரங்களே கடைகளுக்குக் கால்கள். அந்த இடைநிலத்திற்கு இளங்கோவடிகள் கூறும் உவமை வியப்பானது: இரு பெருவேந்தர் பொரும் முனையிடம். கொடுப்போர் ஓசையும் கொள்வோர் ஓசையும் இடையறாது ஒலிக்கும் சந்தைக்குப் போர்க்களத்தை ஏன் உவமையாக்க வேண்டும்? ஆரவாரம் பொதுத்தன்மை என்று கூறி அமைவது எளிது. ஆனால் முனையிடம் என்பது இருவர்க்கும் உரிமையற்ற நிலமும் ஆகும். உழைப்போர் பாக்கத்திற்கும் உடையோர் பாக்கத்திற்கும் நடுவே, இருசாராரும் நாள்தோறும் எதிர்ப்பட்டே ஆகவேண்டிய, ஒருவரும் தமதென்று கூறவியலாத நிலமாக அங்காடியை அமைக்கிறது அவ்வுவமை. பொதுவெளி என்பதற்கு இதனினும் கூரிய விளக்கத்தைப் பழந்தமிழில் காண்பது அரிது.

அங்காடியின் அன்றாடம் விலையோடு முடியவில்லை. காவற்பூதத்தின் பீடிகை அங்கேயே உள்ளது. சித்திரைத் திங்கள் சித்திரை நாளில் மறக்குடி மகளிர் புழுக்கலும் நோலையும் நிணச்சோறும் பூவும் புகையும் பொங்கலும் சொரிந்து துணங்கையும் குரவையும் ஆடுகின்றனர். பின்னர் இரு பாக்கத்து மறவரும் வந்து தம் தலைகளையே பலியிடுகின்றனர். மருவூரும் பட்டினமும் ஒரே வினையில் ஈடுபடுவது இங்கேதான். அது வாணிகமாகவோ குருதியாகவோ அமைகிறது. இப்பகுதியைப் படிக்கும் இக்காலத்தார் பலியைத் தாவிச் சந்தையின் வளத்திற்குச் சென்றுவிடுகின்றனர். அவ்வாறு செல்வது நேர்மையன்று. நகரின் நல்வாழ்வுக்கு யார் உயிரைக் கொடுத்தனர் என்பதை மறைக்காமல் கூறியது காப்பியம்.

பெயர் பொறித்த பொதி

ஐவகை மன்றங்களுள் முதலாவது வெள்ளிடை மன்றம். ஊருக்குப் புதியராய் வந்த வணிகர் தம் பெயரும் குறியும் அளவும் எழுதிய பொதிகளை அங்கே அடுக்கிச் செல்கின்றனர். வாயில் இல்லை, தாழ் இல்லை, உடையோர் காவலும் இல்லை. எவரேனும் களவு செய்யின், அப்பொதியைக் கழுத்துக் கடுக்கத் தலையில் ஏற்றி நகரைச் சுற்றச் செய்யுமேயன்றிப் பொருளைக் கொண்டுபோக அம்மன்றம் விடாது. களவை நினைத்தாலே நடுக்கம் வரும்.

இதனைப் பட்டினப்பாலையோடு ஒப்பிட வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் இதே புகாரின் பொதிகளைப் பாடுகிறார். அங்கு அப்பொதிகளின்மேல் புலிப்பொறி உள்ளது. சுங்கம் கொள்வோர் ஓயாது உழைக்கின்றனர். கடுமையான பெருங்காவல் நிற்கிறது. குவிந்த மூடைகளின்மேல் நாயும் ஆட்டுக்கிடாயும் ஏறித் துள்ளுகின்றன. பழைய பாட்டில் பொதியின்மேல் அரசன் முத்திரை. காப்பியத்தில் உரியவன் பெயர். பழைய பாட்டில் வீரர் காவல், காப்பியத்தில் காவலின்மை. இளங்கோவடிகள் பட்டினப்பாலையை அறியாதவர் அல்லர். கரிகாலன் புகாரைப் பாடும்போது அம்மரபு அவர் முன்னே நின்றது. ஆகவே அரசமுத்திரையை நீக்கி உரியவன் பெயரை வைத்தது அவருடைய தெரிவு எனக் கொள்வதே பொருந்தும்.

இங்கு வணிகரைக் குறிக்க ஆளப்படும் ‘வம்பமாக்கள்’ என்னும் சொல் முதன்மையானது. வம்பு என்பது புதுமை, நிலையின்மை. பட்டினப்பாலையில் கந்துடைப் பொதியிலில் தங்குவோரும் ‘வம்பலர்’ எனப்படுகின்றனர். அப்பொதியிலை மெழுகிப் பூவிட்டு அந்தி விளக்கு ஏற்றுவோர் போரில் கவர்ந்துவரப்பட்ட கொண்டி மகளிர். புதியவன் தங்க ஓரிடம் இருக்கிறது. அவ்விடத்தைத் துலக்கி வைப்பவளும் இவ்வூர்ப் பெண் அல்லள். வழிப்போக்கனின் உறக்கத்திற்கும் புதுவணிகனின் பொதிக்கும் ஒரே வேர்ச்சொல் வழங்குவதைத் தற்செயலாகக் கருத இயலவில்லை. உறவும் குடியும் உள்ளவனுக்கு வீடு உண்டு, சுற்றம் உண்டு, சான்று கூற அண்டை உண்டு. மன்றம் தேவைப்படுபவன் இவை ஒன்றும் இல்லாதவன்.

இலஞ்சி மன்றத்திலும் நெடுங்கல் மன்றத்திலும் இதே போக்கினைக் காணலாம். கூனர், குறளர், ஊமர், செவிடர், தொழுநோயர் பொய்கையில் மூழ்கி நலம் பெறுகின்றனர். பித்தேறியவர், நஞ்சுண்டவர், பாம்பு தீண்டியவர், பேய் பிடித்தவர் ஒளிக்கல்லைச் சுற்றித் துயர் நீங்குகின்றனர். இவ்விரண்டும் குறித்து விரிவாகச் சொல்ல அதிகமில்லை. சமூகம் விளிம்பில் நிறுத்துவோரை நகரின் நடுவே வலம்வர வைக்கின்றன என்பது போதும்.

பூதமும் பாவையும்

பூதசதுக்கம் இவ்வளவு இனியது அன்று. தவவேடத்தில் மறைந்து தீயொழுக்கம் ஒழுகுவோர், மறைவில் நெறிபிறழும் பெண்டிர், அரசனுக்குக் கீழறுக்கும் அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோர் தன் பாசத்தில் அகப்படுவர் என்று நான்கு காதத் தொலைவும் கேட்கக் குரலெழுப்பி, அகப்பட்டோரைப் புடைத்து உண்கிறது பூதம். இப்பட்டியலில் உள்ளவை யாவும் மறைவில் நிகழும் குற்றங்கள். கொலையும் வழிப்பறியும் இதில் இல்லை. சான்று கிட்டாத குற்றங்களுக்கே பூதம். பெண்ணின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பாசம் இதுவென்பதையும் மறுப்பதற்கில்லை. புகாரின் சதுக்கத்தைக் குடியுரிமைக் களமாகப் போற்றிவிடுவோர் இவ்வடியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆனால் இப்பூதம் கதைக்குள் உண்மையாகவே செயற்படும் ஒரே இடத்தில் அது உண்பது ஒரு பெண்ணை அன்று. அடைக்கலக் காதையில் மாடலமறையோன் கோவலனின் பழைய நல்வினைகளை எடுத்துக் கூறுகிறான். பத்தினி ஒருத்தி மீது பழி விழும்படி அவள் கணவனிடம் பொய்க்கரி கூறிய வறியவன் ஒருவன் பூதத்தின் பாசத்தில் அகப்படுகிறான். அவன் தாயின் துயர் பொறாத கோவலன் பாசத்தினுள் தானே புகுந்து, என் உயிரைக் கொண்டு இவன் உயிரைத் தருக என்கிறான். நரகம் புகும் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொண்டு உயர்கதி இழக்கும் தன்மை தனக்கில்லை என்று பூதம் மறுத்து, அவ்வறியவனையே உண்கிறது. கோவலன் அக்குடும்பத்தைப் பல்லாண்டு புரக்கிறான்.

இந்நிகழ்ச்சி கோவலனின் வள்ளன்மைக்குச் சான்றாக மட்டும் எடுத்தாளப்படுகிறது. கூறப்படும் நேரத்தையும் கருத வேண்டும். கொலைக்களக் காதைக்கு முந்திய காதை அது. பொய்ச்சான்றுக்குத் தண்டனை தவறாத நகரிலிருந்து வந்தவன், பொய்ச்சான்றால் மறுநாள் சாகப்போகும் நகரின் வாயிலில் அமர்ந்து அக்கதையைக் கேட்கிறான். ஆளை மாற்றிக் கொள்ள மறுத்தது புகாரின் பூதம்; பொற்கொல்லன் களவுக்குக் கோவலனை மாற்றாகக் கொள்கிறது மதுரை.

ஐந்தாவது மன்றத்துப் பாவை பேசாது, தண்டியாது. அரசன் கோல் கோடினும், அறங்கூறவையம் நூல்நெறி பிறழ்ந்து ஒருபால் சாயினும், நின்று கண்ணீர் உகுக்கும். முதல் நான்கு மன்றங்களும் மக்களைப் பார்க்கின்றன. இது அரசனையும் அவையையும் பார்க்கிறது. அக்கண்ணீரின் வலிமை அது பலர் காண விழுவதில் உள்ளது. அரண்மனைக்குள் நின்று அழும் பாவையால் பயனில்லை.

மதுரையின் ஓரடி

மதுரையில் மன்றமும் சதுக்கமும் இல்லையா? உள்ளன. ஊர்காண் காதையின் இறுதியில் கோவலன் திரிந்து மீளும் இடங்களின் வரிசையில் சந்தி, சதுக்கம், ஆவண வீதி, மன்றம், கவலை, மறுகு எனப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அவ்வளவே. ஒன்றன் பணியும் கூறப்படவில்லை. (ஆயர்சேரியின் மன்றத்தில் குரவை நிகழ்கிறது, அது நகரின் புறத்தே, இடையர்க்குரியது.) அதே காதையில் மணிக்கடை வீதிக்கு இளங்கோவடிகள் தரும் இடம் மிகப் பெரிது. வயிரத்தின் குற்றங்கள், மரகதத்தின் தன்மை, மாணிக்கத்தின் வகை, முத்தின் இனம் எனக் குற்றமும் குணமும் ஆராயப்படுகின்றன. பொற்கடையில் நால்வகைப் பொன்னும் வேறுவேறெனக் கொடிகள் அறிவிக்கின்றன. கல்லின் குற்றத்தை இத்துணை நுணுகி ஆராயும் நகரம் ஒரு சிலம்பின் உள்ளே இருந்த பரலைக் கொலைக்கு முன் ஆராயவில்லை.

மதுரைக்கு முறைமன்றம் இருந்ததென்பதை மரபு அறியும். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி அந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைப்பதோடு, துலாக்கோல் போல் நடுநிலை பிறழாத அறங்கூறவையத்தையும் பாடுகிறது. அவ்வவையத்தைக் காப்பியம் கோவலன் வழக்கில் ஓரிடத்தும் கூட்டவில்லை. புகாருக்குப் பழம்பாட்டில் இல்லாதவற்றைச் சேர்த்த புலவர், மதுரைக்குப் பழம்பாட்டில் உள்ளதை எடுத்துவிடுகிறார். இக்கட்டுரையின் வாதம் பெரிதும் இவ்விரு செயல்களின் ஒப்புமையில் தங்கியுள்ளது.

இதன் விளைவைக் கொலைக்களக் காதையில் காணலாம். பீடிகைத் தெருவில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன், தன் குடிலுக்கு அருகிருந்த தேவகோட்டத்தின் மதிலகத்தே கோவலனை இருக்கச் செய்கிறான். அரசனிடம் அவன் முறையிடுவது அவையில் அன்று. ஊடிய தேவியின் கோயிலை நோக்கி அரசன் செல்லும் வழியில். காவலர்க்கு ஆணை அங்கேயே பிறக்கிறது. வந்த காவலருக்குக் கோவலன் கள்வனாகத் தோன்றவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வரின் எண்வகைத் துணைகளைப் பொற்கொல்லன் விரித்துரைத்து அவர்தம் ஐயத்தை மாற்ற முயல்கிறான். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கையில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தொடக்கம் முதல் இறுதிவரை எதுவும் பொதுவெளியில் நிகழவில்லை. வெள்ளிடை மன்றத்தில் களவு செய்தவன் பலர் காண நகரைச் சுற்றி, உயிரோடு, பொதியை இழந்து நிற்கிறான். மதுரையில் களவு செய்யாதவன் ஒருவரும் காணாத மூலையில் வெட்டுண்கிறான்.

சிலம்பில் பெயர் எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கருதலாம். புகாரின் பொதி தன் உரியவனை வெளியே கூறுகிறது. கோவலன் கொணர்ந்த பொருள் தன்னை உடைத்தால் மட்டுமே உரியவளைக் கூறும். பெயரறியப்படாத பொருளோடு வந்த பெயரறியப்படாத வம்பலன் அவன். மாசாத்துவான் மகன் என்று மதுரைக் கடைத்தெருவில் யார் அறிவார்?

கண்ணகி செய்வது இப்பின்னணியில் வேறு பொருள் பெறுகிறது. ஊர்சூழ்வரியில் அவள் எஞ்சிய சிலம்பை ஏந்தித் தெருவழியே செல்கிறாள். பெண்டிரும் உண்டோ, சான்றோரும் உண்டோ, தெய்வமும் உண்டோ என்னும் பொருள்பட அவள் வினவுவன புலம்பலாகவே பெரிதும் விளக்கப்படுகின்றன. அவ்வினாக்கள் ஒரு மன்றத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணித் தேடுகின்றன: கேட்போர், சான்று கூறுவோர், பூதமோ பாவையோ போன்றதொரு தெய்வம். ஊரார் அழுகின்றனர், கோல் கோடியது என்று வருந்துகின்றனர். பாவை செய்ய வேண்டிய வேலையைத் தெருவிலிருந்த மக்களே செய்கின்றனர். பின்னரே அவள் அரண்மனை வாயிலை அடைகிறாள். அங்கும் தன்னூரை அவள் அறிமுகப்படுத்துவது நீதியின் கதைகளால். வஞ்சினமாலையில் அவள் எடுத்துரைக்கும் புகார்ப் பத்தினியருள் முதல்வி வன்னிமரத்தையும் மடைப்பள்ளியையும் சான்றாக்கியவள். சான்று கூற மனிதர் இல்லாதபோது மரமும் கூறும் ஊர் அது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் மதுரைக்கும் அத்தகைய அடையாளம் இருந்ததைக் கூறுகிறது. வார்த்திகன் என்னும் அந்தணன் குற்றமின்றிச் சிறைப்பட்டபோது ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. அரசன் காரணம் வினவி, தவறு உணர்ந்து, அவனை விடுவித்தான். உண்மைதான். ஆயினும் வார்த்திகன் அந்நாட்டுக் குடியினன். அவன் மனைவி கார்த்திகை அங்கேயே இருந்து அழுதவள். புறநாட்டு வணிகனுக்காக அக்கதவு மூடியதாகக் காப்பியம் கூறவில்லை. நாற்பாற் பூதங்களும் மதுரையில் இருந்தன. ஆனால் அவை கதையில் தோன்றுவது அழற்படு காதையில், நகரைவிட்டு நீங்கும்போது மட்டுமே. மறுப்புக்கு உதவும் சான்றுகளே வேறுபாட்டைக் கூர்மையாக்குகின்றன.

மணிமேகலையின் ஏழு நாள்

இரட்டைக் காப்பியங்களுள் மற்றதில் இச்சதுக்கம் தொடர்கிறது, மாறுதலோடு. சிறைசெய் காதையில் மருதி என்னும் பார்ப்பனி காவிரியில் நீராடித் தனியே வருகையில் ககந்தன் மகன் அவளை விழைந்து அழைக்கிறான். அவள் வீடு திரும்பாமல் பூதசதுக்கம் சென்று, தான் செய்த தவறு யாது என்று கேட்கிறாள். பூதம் அவள் கற்பில் பிழை காணவில்லை. பொய்க்கதை கேட்பதையும் விழாக் காண்பதையும் குறையாகச் சொல்கிறது. பின்னர், அரசன் முறைசெய்ய ஏழு நாள் உண்டு, அவன் தவறினால் மட்டுமே தன் முறை என்கிறது. ககந்தன் தன் மகனைத் தானே கொல்கிறான்.

சாத்தனாரின் இம்மாற்றம் சிறிதன்று. சிலம்பில் பூதத்திற்கு அரசனிடம் தவணை இல்லை. இங்கே பூதம் அரசநீதிக்குப் பின்வரிசையில் நிற்கிறது. மேலும், துன்புறுத்தப்பட்டவளே விளக்கம் கேட்க வேண்டியவளாகவும் குறை சொல்லப்படுபவளாகவும் ஆகிறாள். எனினும் ஒன்று எஞ்சுகிறது: அவள் கணவனிடமும் சுற்றத்தாரிடமும் செல்லாமல் நேரே சதுக்கத்திற்குச் செல்ல முடிந்தது. மதுரையில் கண்ணகிக்கு அத்தகைய இடம் ஒன்று வாய்க்கவில்லை.

சதுக்கப் பூதங்கள் புகாரோடு நின்றுவிடவும் இல்லை. அவற்றை வஞ்சி நகரில் நிறுவிய சேரன் ஒருவனைப் பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பதிகம் குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரமும் நடுகற் காதையில், செங்குட்டுவனுக்கு அவன் முன்னோரை எண்ணிக் கூறும் இடத்தில், அச்செய்தியைத் தருகிறது. அதனைக் கூறுபவன் மாடலன். அடைக்கலக் காதையில் கோவலனுக்குப் பூதத்தின் கதையை நினைவூட்டிய அதே மறையோன். வஞ்சியில் கண்ணகிக்குக் கல் நாட்டிக் கடவுள்மங்கலம் செய்த அரசனிடம் அவன் இதனைக் கூறுகிறான். புகாரின் சதுக்கம் வஞ்சிக்குச் சென்றது. மதுரைக்கு வந்ததாகக் காப்பியத்தில் குறிப்பு இல்லை.